செம்மலைக் கணவாயும் வெள்ளி நகரங்களும்

ஆறு என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு என்பதை எங்கள் மாணாக்கர் கீழ்வகுப்பிலேயே கற்றுக்கொள்கின்றனர். நீர் ஓடும் வழியும் ஆறு. மாந்தர் நடக்கும் வழியும் ஆறு. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் பெயரை விளக்கும்போது இதனைச் சொல்லாத ஆசிரியர் இலர். யானும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். ஆயினும், மாரியில் நிறைந்து கோடையில் வற்றும் வழுக்கியாற்றையன்றி வேறோர் ஆற்றையும் அருகிற் காணாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் ஏன் வந்து கூடின என்பதைக் காட்டுதல் எளிதன்று. மலைநாட்டிலோ அது கண்கூடு. பாறையை அறுத்துக்கொண்டு நீர் முதலிற் செல்கின்றது. அதன் ஓரத்தைப் பற்றிக்கொண்டு மனிதன் பின்னாற் செல்கின்றான். நீர் போகாத இடத்தில் மலை வழிவிடுவதில்லை.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்திலே, தென்மேற்கு மூலையில், சான் ஹுவான் என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் நடுவே செல்லும் பெருவழிக்கு அரச ஏடுகளில் 550 ஆம் இலக்கம் என்பதே பெயர். மக்கள் வழங்கும் பெயர் மில்லியன் டொலர் நெடுஞ்சாலை. வடக்கே யூரே என்னும் சிற்றூரில், வெந்நீர் ஊற்றுகளின் அயலிலிருந்து புறப்படுவோன், அன்கொம்பாகிரே ஆற்றின் மேலாக மலையைப் பற்றி ஏறிச் செம்மலைக் கணவாயைக் கடக்கின்றான். மறுபுறம் இறங்கிச் சில்வர்ட்டன் நகரை அடைகின்றான். பின்னர் மோலாஸ், கோல் பாங்க் என்னும் வேறிரு கணவாய்களையும் ஏறியிறங்கி டுராங்கோ நகரிற் போய்ச் சேர்கின்றான். ஏறத்தாழ எழுபது மைல். நம்மவர்க்கு அவ்விடத்தின் உயரத்தை உணர்த்த ஒரு கணக்குச் சொல்வேன். எமது பீதுருதாலகால மலையின் உச்சி 8,281 அடி. சில்வர்ட்டன் நகரத்தின் தெருவோ 9,300 அடிக்கு மேலே கிடக்கின்றது. அவ்வூர்ச் சிறுவர் பந்தடிக்கும் வெளி, நம் நாட்டின் அதியுயர்ந்த சிகரத்தினும் ஆயிரம் அடி மேலே. கணவாய்களோ இன்னும் உயர்ந்தவை: செம்மலைக் கணவாய் 11,000 அடிக்குச் சற்று மேல், மோலாஸ் 10,900 அடியளவு, கோல் பாங்க் 10,600 அடிக்கு மேல்.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில், டென்வர் நகரில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் தம் மோட்டார் வண்டியில் என்னை இவ்வழியே அழைத்துச் சென்றார். அவர் தொழிலாற் பொறியியலாளர். யான் சொல்லாராய்ச்சி செய்யுமிடத்து அவர் பாறையாராய்ச்சி செய்வார். இருவருக்கும் வழி நீளமாகத் தோன்றவில்லை.

பெயரிலிருந்தே தொடங்குதல் பண்டிதர் வழக்கம். மில்லியன் டொலர் என்னும் அடைக்கு அவ்வூரார் மூன்று விளக்கம் தருகின்றனர். 1920 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் பழைய வண்டிப் பாதையை மோட்டார் செல்லும் வீதியாக வெட்டித் திருத்தியபோது, மைலொன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் செலவாயிற்று என்பர் ஒரு சாரார். வீதிக்குப் பரப்பிய மண்ணும் கல்லும் சுரங்கக் கழிவாதலின் அதற்குள்ளே பத்து இலட்சம் டொலர் பெறுமதியான பொன் தாது புதைந்து கிடக்கின்றது என்பர் இன்னொரு சாரார். முதன்முதல் அவ்வழியே போய்வந்த ஒருவர், பத்து இலட்சம் டொலர் தந்தாலும் இனி அப்பக்கம் போகேன் என்று சூளுரைத்தார் என்பர் மூன்றாஞ் சாரார். ஒரு சொல்லுக்கு மூன்று உரை கிடைத்தால் அவற்றுள் ஒன்றைத் தேர்வதும், தேரமுடியாதவிடத்து மூன்றையும் எழுதிவைப்பதும் உரையாசிரியர் கடமை. முதல் உரை செலவுக் கணக்கை மிகைப்படுத்துவதாக எனக்குத் தோன்றுகின்றது. இரண்டாவது கேட்க இனியது. கழிவென்று வீசியதில் பொன் இருந்த கதை அம்மலையில் உண்மையாகவே ஒருமுறை நடந்ததுமுண்டு, அதனைப் பின்னர்ச் சொல்வேன். மூன்றாவது உரையின் நியாயம் யூரேயை விட்டு இரண்டு மைல் போவதற்குள் எனக்கு விளங்கிற்று.

அமெரிக்காவில் வண்டிகள் வீதியின் வலப்பக்கமாகச் செல்லும். சாரதி இடப்பக்கம் அமர்வார். யூரேயிலிருந்து தெற்கே ஏறுவோர்க்கு மலைச்சுவர் இடப்பக்கம், பள்ளம் வலப்பக்கம். எனவே சாரதியின் அருகிலிருப்பவன் இருக்கை நேரே வெளியின் மேல் அமைந்துவிடுகின்றது. பலவிடங்களில் விளிம்பிலே தடுப்புச் சுவரோ கம்பியோ இல்லை. வீதியின் வெள்ளைக்கோடு, கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் மண், அதற்கப்பால் ஒன்றுமில்லை. பல நூறு அடி கீழே ஆறு ஒரு நூல்போற் கிடக்கின்றது. "ஐயா, கீழே பார்க்கவேண்டாம், எதிரே பாருங்கோ" என்றார் என் மாணாக்கர். அது ஏட்டுச் சுரைக்காய். கீழே பார்க்கவேண்டாம் என்று சொன்னால் எவன்தான் பாராதிருப்பான்?

தடுப்பு ஏன் இல்லை என்று கேட்டேன். மாரிகாலத்திற் பனி அகற்றும் பொறிவண்டிகள் வீதியில் விழுந்த பனியை விளிம்புக்கப்பாற் தள்ளவேண்டும். தடுப்பு இருந்தால் தள்ள இடமில்லை என்றார். கேட்டபோது அது எனக்கு ஒரு வேடிக்கையான நியாயமாகவே தோன்றிற்று. பிரயாணியைக் காக்கும் சுவரை எடுத்துவிட்டுத்தான் பிரயாணிக்கு வழி திறக்கவேண்டியிருக்கின்றது!

இவ்வழியை முதலில் வெட்டியவர் ஒற்றோ மியர்ஸ் என்பவர். 1840 இல், இன்று லற்வியா எனப்படும் பால்டிக் கடற்கரை நாட்டிற் பிறந்து, தாய்தந்தையரை இழந்து, சிறுவனாகவே கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவர். உள்நாட்டுப் போரிற் படைவீரனாக இருந்து, பின் கொலராடோவிற் கோதுமை விளைவித்தார். கோதுமை மூட்டைகளை மலைக்கப்பால் விற்கக் கொண்டுபோனபோது வண்டி கவிழ்ந்தது. அவ்வழியே குதிரையில் வந்த முன்னாள் ஆளுநர் கில்பின், "நீயே ஒரு வழியை வெட்டிச் சுங்கம் வாங்கலாமே" என்னும் கருத்துப்படச் சொன்னார் என்பது கதை. சிதறிய கோதுமையைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதன் அதனைக் கேட்டான், கேட்டபடி செய்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அம்மலைகளில் அவர் வெட்டிய சுங்கவழிகள் பல. 1883 இல் யூரேயிலிருந்து செம்மலை அயலுக்கு வெட்டியது அவற்றுள் மிகக் கடினமானது. தூக்கணாங்குருவிபோற் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாறையிற் துளையிட்டு வெடிவைத்தார்கள் தொழிலாளர்கள். பெயர்க்கிறீக் என்னும் ஓடை அருவியாய் விழுமிடத்தில், அருவியின் தலைமேற் பாலமிட்டு, பாலத்திலேயே சுங்கச்சாவடியை வைத்தார் மியர்ஸ். ஒருபுறம் செங்குத்தான மலை, மறுபுறம் அருவியின் வீழ்ச்சி. உல்கு கொடாமல் ஒருவரும் ஒதுங்கிப் போக இயலாத இடம். பழைய அரசர்களும் இத்துணைத் திறமாகச் சாவடி அமைத்ததில்லை எனலாம்.

அவர் வழி வெட்டிய நிலம் எவருடையது? இக்கேள்வியை அங்கு வீதியோரத்து அறிவிப்புப் பலகைகள் மெல்லத் தொட்டுவிட்டு அப்பாற் செல்கின்றன. அந்நிலம் யூட் என்னும் பழங்குடியாருக்குரியது. 1873 இல் புரூனோ உடன்படிக்கை என்று பெயர்பெற்ற ஒப்பந்தத்தின்படி சான் ஹுவான் மலைநாட்டில் நாற்பது இலட்சம் ஏக்கர் அளவான நிலத்தை அவர்கள் விட்டுக்கொடுத்தனர். ஆண்டுக்கு 25,000 டொலர் தருவதாகப் பேச்சு. அவர்களுக்குத் தலைவராக நின்று பேசியவர் யூரே. 'ஊரே' என்று நாம் விளிக்கும் ஒலிக்கு மிக அண்மையான பெயர். ஊரின் பெயராகவே அஃது ஆயிற்று. 1876 இல், அவர் உயிரோடிருந்தபோதே, சுரங்கக்காரர் தம் நகருக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1880 இல் அவர் இறந்தார். 1881 இல் அவருடைய மக்கள் படைவீரர் காவலோடு யூட்டா நாட்டுக்குப் பெயர்த்து அனுப்பப்பட்டனர். தலைவன் பெயர் ஊரில் நின்றது. ஊருக்குரியோர் ஊரில் நிற்கவில்லை.

ஒற்றோ மியர்ஸ் யூட் மொழி அறிந்தவர்; தலைவர் யூரேயின் நண்பர். கடைசி உடன்படிக்கையிற் கைச்சாத்து வைத்தவர்களுக்குத் தலைக்கு இரண்டு டொலர் தம் கையிலிருந்து கொடுத்தார் என்றும், அதற்காகக் கையூட்டுக் குற்றஞ் சாட்டப்பட்டு வாசிங்டனுக்கு அழைக்கப்பட்டபோது, குற்றத்திலிருந்து நீங்கியதோடு கொடுத்த பணத்தையும் அரசிடமிருந்து திரும்பப் பெற்றார் என்றும் அவர் வரலாற்றிற் காண்கின்றோம். மொழி கற்றலின் பயனைப் பற்றி வகுப்பிற் பேசும்போது இனி இவரையும் நினைக்காமல் இருக்க என்னால் இயலாது. ஒரு மக்களின் மொழியை அன்பினாற் கற்பாரும் உளர். அவர்களை எழுப்பி அனுப்புவதற்கு அம்மொழி பயன்படுவதும் உண்டு. இவர் அன்பில்லாதவர் என்றும் சொல்ல என்னிடம் சான்றில்லை. நட்பும் வாணிகமும் அவரிடத்தில் ஒன்றையொன்று தடுக்கவில்லை, அவ்வளவே.

அருவியைக் கடந்து சற்று மேலே போனால் வீதியின் மீது ஒரு காரைக் கூரை. நூற்றெண்பது அடியளவு நீளம். மழைக்கோ வெயிலுக்கோ கட்டியதன்று. அதன் நேரே மேலே கிழக்கு றிவர்சைட் எனப்படும் பனிச்சரிவு வழி. மாரிகாலத்தில் மேலே குவிந்த பனி ஒரு கணத்திற் கழன்று, இடிபோல் இறங்கி, வீதியைக் கடந்து பள்ளத்தில் விழும். அது வரும்போது வீதியிலிருப்பது எதுவாயினும் அதனுடன் போகும். 1963 இல், ஞாயிறு வழிபாட்டுக்காகக் கணவாயைக் கடந்த ஒரு மதகுருவும் அவருடைய இரு புதல்வியரும் அங்கே மாண்டனர். 1970 இலும் 1978 இலும் பனி அகற்றும் வண்டியோட்டி ஒவ்வொருவர். 1985 இல் இக்கூரை கட்டப்பட்டது. ஆனால் சரிவின் அகலமோ கூரையின் நீளத்தினும் மிகப் பெரிது. 1992 இல், கூரைக்கு அணித்தாக, பொறிவண்டியின் சங்கிலியைச் செப்பனிட இறங்கிய இருவர்மீது பனி இறங்கிற்று. ஒருவர் மாண்டார். மற்றவர் பனிக்குள்ளே பதினெட்டு மணிநேரம் தம் கையாலும் கைவிளக்காலும் தோண்டி வெளிவந்தார். அதன் பின்னரே பனிச்சரிவை முன்னறிந்து வீதியை மூடுவதற்கென்று தனியே ஆட்கள் அமர்த்தப்பட்டனர். இப்பொழுது பனி அளவுக்கு மேற் குவியுமுன் வீதியை மூடிவிட்டு வெடிவைத்து அதனை இறக்கிவிடுகின்றனர்.

வீதியோரத்தில் அவ்வண்டியோட்டிகளுக்கு ஒரு நினைவுக்கல் உண்டு. யாங்கள் அங்கே வண்டியை நிறுத்தினோம். எம் முன்னோர் நடுகல் நட்டது போரில் வீழ்ந்தவர்க்கும் ஆநிரை மீட்டு மாண்டவர்க்கும். இவர்களோ பிறர் மறுநாட் காலையிற் பாலும் பாணும் வாங்கப் போவதற்கு வழி திறந்தவர்கள். தடுப்புச் சுவர் இல்லாமைக்கு என் மாணாக்கர் சொன்ன காரணம் அக்கல்லின் முன் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அப்பால் மலை சற்றே விரிகின்றது. பள்ளத்தாக்கின் இருபுறமும் அஸ்பென் மரங்கள். அவற்றின் இலைக்காம்பு தட்டையானதாகையால், மற்ற மரங்கள் அசையாதிருக்கும் சிறு காற்றிலும் இலைகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். புரட்டாதியில் அவ்விலைகள் யாவும் பொன்மஞ்சள். மலைச்சரிவு முழுவதும் காசுகளைக் கோத்துத் தொங்கவிட்டு ஒருவர் குலுக்குவது போலிருந்தது. அதற்கு மேலே மூன்று கொடுமுடிகள், குங்குமத்தைக் கொட்டிக் குவித்தாற் போன்ற செந்நிறத்தில். இவையே செம்மலைகள். வழிப்போக்கர் அனைவரும் வண்டியை நிறுத்திப் படம் எடுக்குமிடம் இது.

அச்செம்மையின் காரணத்தை என் மாணாக்கர் விளக்கினார். இரண்டு கோடியே எண்பது இலட்சம் ஆண்டுகளின் முன் அங்கே பெரிய எரிமலைகள் வெடித்துத் தம்முள் இடிந்து விழுந்தன. இடிந்த வட்டத்தின் வெடிப்புகள் வழியாக வெந்நீர் மேலெழுந்தது. அது தன்னுட் கரைந்திருந்த வெள்ளி, ஈயம், செம்பு, பொன் முதலியவற்றைப் பாறையிடுக்குகளில் விட்டுப்போயிற்று. அவற்றோடு எங்கும் நிறையப் படிந்தது இரும்பும் கந்தகமும் கலந்த பைரைற்று என்னும் மஞ்சட் கல். காற்றும் நீரும் அக்கல்லைத் தொட்டால் இரும்பு துருப்பிடித்துச் சிவக்கின்றது. கந்தகம் அமிலமாகி நீரிற் கலக்கின்றது. நாம் வியந்து பார்த்த செம்மை என்பது மலை பிடித்த துரு. அவ்வமில நீரோ தான் செல்லும் வழியிலுள்ள ஏனைய உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடைக்குப் போகின்றது. மனிதன் அங்கே உளி வைப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளின் முன்பே சில ஓடைகள் மீனில்லாமல் ஓடின. நிறமும் நஞ்சும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இதனை அறிந்தபின் அம்மலை எனக்கு அழகு குறைந்து தோன்றவில்லை. ஆனால் முன்போல் அதனைப் பார்க்கவும் முடியவில்லை.

1882 இல் ஜோன் றொபின்சன் என்னும் சுரங்கத் தேடுவோன் மான் வேட்டைக்குப் போனவிடத்தில், இளைப்பாற அமர்ந்து, பக்கத்திற் கிடந்த ஒரு கல்லை எடுத்தான். கல்லின் அளவுக்குப் பாரம் மிகுதியாக இருந்தது. உடைத்துப் பார்த்தான், உள்ளே முழுவதும் ஈய வெள்ளித் தாது. 'யாங்கி கேர்ள்' என்னும் சுரங்கம் அவ்வாறு பிறந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அயர்ன்ற்றன், கஸ்ரன், செம்மலைப் பட்டினம் என ஊர்கள் அடுத்தடுத்து எழுந்தன. உணவும் கரியும் கோவேறு கழுதைகளில் ஏறிவந்தன. தாது இறங்கிப் போயிற்று. அம்மலையின் தாது படுக்கையாகப் பரவிக் கிடக்கவில்லை. புகைபோக்கி போல் நிமிர்ந்த தூண்களாக நின்றது. ஆகவே கிணறு தோண்டுவது போற் கீழே கீழே இறங்கினர். ஆழத்தில் ஊறிய நீர் அமிலமாயிருந்தமையால் இறைக்கும் பொறியையும் குழாயையும் உருக்குக் கயிற்றையும் அரித்துத் தின்றது. மலை தன் துருவை மனிதனுடைய இரும்புக்கும் ஏற்றிற்று. இன்று யாங்கி கேர்ள் சுரங்கவாயின் மரக்கட்டடம் ஒன்று மட்டும், வீதியிலிருந்து பார்ப்பார்க்குத் தெரியும்படி, சாம்பல் நிறத்தில் தனித்து நிற்கின்றது.

மியர்ஸ் 1887 முதல் சில்வர்ட்டனிலிருந்து செம்மலைக் கணவாய்க்கு மேலாக ஒரு சிறிய புகையிரதப் பாதையும் அமைத்தார். அயர்ன்ற்றன் வரையும் அது வந்தது. அங்கிருந்து யூரேக்கு எஞ்சியது எட்டு மைல். அந்த எட்டு மைலும் யாம் ஏறிவந்த பள்ளம். புகையிரதம் அங்கே இறங்க இயலவில்லை. ஆகவே மலைத்தொடரை மேற்கே சுற்றிக்கொண்டு 162 மைல் நீளமான வேறொரு பாதையை 1891 இற் கட்டி முடித்தார். எட்டு மைலுக்குப் பதிலாக நூற்று அறுபத்திரண்டு மைல்! செல்வம் அவ்வளவு பெருகியிருந்தது. வேண்டியவர்களுக்கு அவர் கொடுத்த இலவசப் பிரயாணச் சீட்டுகளே வெள்ளிக் கம்பியால் வேலைப்பாடு செய்தவை.

வெள்ளியால் வந்த வாழ்வு வெள்ளியாலேயே போயிற்று. இவ்விடத்திலேதான் நம் நாட்டுப் பணப்பையும் அம்மலை நகரங்களும் ஒரு கயிற்றிற் கட்டப்பட்டிருந்தமை தெரிகின்றது. 1872 முதல் இலங்கையின் நாணயம் ரூபா. அது இந்திய வெள்ளி ரூபா. இந்தியாவின் அக்கசாலைகளுக்கு எவர் வெள்ளி கொண்டுபோனாலும் அதனை ரூபாவாக அடித்துக் கொடுப்பது வழக்கமாயிருந்தது. எனவே உலகத்துச் சுரங்கங்கள் தோண்டிய வெள்ளிக்கு இந்தியா ஒரு வற்றாத சந்தை. ஆனால் பிற நாடுகள் பொன்னாணயத்துக்கு மாற மாற வெள்ளி மலிந்தது. வெள்ளியோடு ரூபாவும் தாழ்ந்தது. நம் தோட்டத் தொழிலாளிக்குக் கூலி ரூபாவில். தேயிலை இலண்டனில் விற்றது பொன்மதிப்புள்ள பவுணில். ரூபா தாழத் தாழத் துரைமாருக்குக் கூலிச் செலவு குறைந்ததேயன்றிக் கூலி பெற்றவனுக்கு ஒன்றும் மிஞ்சியதில்லை. இந்திய அரசுக்கோ இலண்டனில் பவுணிற் செலுத்தவேண்டிய கடன்கள் பாரமாயின. ஆதலால் 1893 யூன் 26 இல் தனியார் கொண்டுவரும் வெள்ளியை ரூபாவாக அடிப்பது நிறுத்தப்பட்டது. ரூபா காப்பாற்றப்பட்டது; வெள்ளி கைவிடப்பட்டது. ஓர் அவுன்சு 80 சதத்துக்கு மேல் விற்ற வெள்ளி சில நாள்களுள் 60 சத அளவுக்கு விழுந்தது. அமெரிக்க அரசு மாதந்தோறும் 45 இலட்சம் அவுன்சு வெள்ளி வாங்கவேண்டும் என்றிருந்த சட்டமும் அவ்வாண்டு கார்த்திகையில் நீக்கப்பட்டது.

கல்கத்தாவிலும் பம்பாயிலும் அக்கசாலைக் கதவு மூடிய ஓசை கொலராடோ மலையிற் கேட்டது. சுரங்கங்கள் அடுத்தடுத்து நின்றன. மியர்ஸ் கட்டிய நீண்ட புகையிரதப் பாதை அவர் கையை விட்டுப் போயிற்று. அயர்ன்ற்றனில் மனிதர் தட்டுமுட்டுகளைக்கூட எடுக்காமல் இறங்கிப் போயினர். யாம் பார்த்தபோது அங்கே சில வீடுகள் பக்கம் சாய்ந்து நின்றன. ஒன்றன் யன்னலூடே ஓர் அஸ்பென் கிளை உள்ளிருந்து வெளியே நீண்டிருந்தது.

முன்னர்ச் சொல்வேன் என்ற கதை இது. வெள்ளி வீழ்ந்த பின்னர், 1896 இல், தோமஸ் வோல்ஷ் என்பவர் யூரேக்கு மேலேயுள்ள பழைய சுரங்கங்களின் கழிவுக் கற்களைப் பொறுக்கிச் சோதித்தார். வெள்ளி தேடினோர் பயனில்லை என்று ஒதுக்கிய வெண்கல்லிற் பொன் இருந்தது. காம்ப் பேர்ட் சுரங்கம் அவரைப் பெருஞ் செல்வராக்கிற்று. அவர் மகள் 1911 இல் வாங்கிய நீல வைரமே 'ஹோப்' என்று உலகறிந்தது. கோல்கொண்டா நாட்டுச் சுரங்கத்திற் பிறந்தது. ஒரு மலையைத் தோண்டி எடுத்ததைக் கொடுத்து இன்னொரு மண்ணிலே தோண்டி எடுத்ததை வாங்கினார்கள்.

சில்வர்ட்டன் சாகவில்லை. பொன்னும் ஈயமும் நாகமும் எடுத்துக்கொண்டு இன்னும் நூறாண்டு தாக்குப்பிடித்தது. அதன் கடைசிப் பெருஞ் சுரங்கமாகிய சன்னிசைட் 1991 இல் மூடப்பட்டது. அச்சுரங்கத்தைப் பற்றி ஒரு செய்தி. மலைமேலே எம்மா என்றொரு சிறிய ஏரி. அதன் அடியில் தொழிலாளர் தோண்டிக்கொண்டே மேலேறினர். 1978 யூன் 4 இல் ஏரியின் தரை உடைந்து, நீர் முழுவதும் சுரங்கத்தினூடே பாய்ந்து மலையடியில் வெளிப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. உள்ளே ஒருவரும் இல்லை. கிழமையில் வேறெந்த நாளாயினும் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் ஒப்பாரி எழுந்திருக்கும்.

சுரங்கம் மூடினால் நீர் மூடுவதில்லை. தோண்டிய பொந்துகளிலெல்லாம் காற்றும் நீரும் பைரைற்றும் கூடுகின்றன. மலை பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்லச் செய்ததை இப்பொழுது விரைந்து செய்கின்றது. 2015 ஓகஸ்ட் 5 இல், கோல்ட் கிங் என்னும் கைவிடப்பட்ட சுரங்கத்தின் வாயை, அரசின் சூழல் காப்பு நிறுவனத்துக்காகப் பணிசெய்தோர் ஆராயக் கிளறியபோது, உள்ளே தேங்கியிருந்த முப்பது இலட்சம் கலன் நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. சிமெந்து ஓடை வழியாக அனிமாஸ் ஆற்றிற் கலந்தது. ஆறு மஞ்சட்சிவப்பாயிற்று. அந்நிறம் டுராங்கோவைக் கடந்து, நியூ மெக்சிக்கோவிலும் யூட்டாவிலும் உள்ள நவஹோ மக்களின் நிலங்கள் வரையும் சென்றது. அம்மக்கள் தம் வயல்களுக்கு நீர் செல்லும் வாய்க்கால்களை அடைத்தனர். மலையிலிருந்து ஒரு பிடி வெள்ளியும் பெறாதவர்களுக்கும் துருவில் பங்கு வந்து சேர்ந்தது. அனிமாஸ் என்பது ஸ்பானிய மொழியில் ஆன்மாக்கள் எனப் பொருள்படும். அவ்வாண்டு ஒக்டோபரில் சில்வர்ட்டனுக்கு மேலே கிளாட்ஸ்டன் என்னுமிடத்தில் அந்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. சுண்ணாம்பிட்டு அமிலத்தைத் தணித்து உலோகத்தைச் சேறாகப் பிரித்தெடுக்கின்றனர். சேற்றை எங்கே கொட்டுவது என்பது அடுத்த வழக்கு.

சில்வர்ட்டனில் ஆறும் வழியும் பிரிகின்றன. அனிமாஸ் ஆற்றின் குடைவுக்குள் வீதி செல்ல இடமில்லை. 1882 இற் கட்டிய புகையிரதப் பாதையே அதன் கரையோடு டுராங்கோவுக்குப் போகின்றது. அன்று தாது சுமந்த வண்டி இன்று உல்லாசப் பிரயாணிகளைச் சுமக்கின்றது. வீதி ஆற்றைக் கைவிட்டு மோலாஸ் கணவாய்க்கு ஏறுகின்றது. அப்பகுதி மிகவும் அழகியது. ஆனால் மேலே சொன்னவற்றுக்குப் பின் அதனை வருணிக்க எனக்கு விருப்பமில்லை. வாசகர் போய்க் காண்பாராக. தெற்கிலிருந்து வடக்கே போவாராயின் மலைச்சுவரை அணைந்து செல்லலாம், நெஞ்சு இவ்வளவு அடித்துக்கொள்ளாது.

மாலையில் டுராங்கோவில் ஆற்றை மீண்டும் கண்டோம். கரையில் சிறுவர் சிலர் காற்றடைத்த வட்டங்களில் மிதந்து விளையாடினர். ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். யான் கற்களின்மேல் இறங்கிப் போய் இரு கையாலும் நீரை அள்ளினேன். பனி போற் குளிர்ந்தும், கைரேகை தெரியத் தெளிந்தும் இருந்தது.

"தம்பி, இதைக் குடிக்கலாமோ?" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். "முகம் கழுவுங்கோ ஐயா" என்றார்.